இசையாதவன்

வார்டோ தீவில் ஜனவரி.
நண்பகல் என்பது நீல மை நிறத்தில் கொஞ்ச நேரம்;
பிறகு மறுபடி விளக்குகள்.
முன்னிருக்கையில் அக்கார்டியனுக்கு பெல்ட் மாட்டி
கடலடிச் சுரங்கம் வழியே
செவ்வாய்தோறும் வருகிறேன்.

பராமரிப்பு இல்லத்தின் மூன்றாம் அறை.
எஸ்கில், வயது முப்பத்து நான்கு.
கைகள் அவன் பேச்சைக் கேட்பதில்லை,
நாக்கும்.
கேட்பது கழுத்து, அதுவும் வலப்பக்கம் மட்டும்.
அந்தக் கன்னத்தருகே ஒரு மஞ்சள் பொத்தான்,
தேநீர்த் தட்டின் அளவு.
சாய்ந்தால் ஒலிக்கும்
ஒரே ஒரு சுரம்.

நான் ஏழு சுரம் ஏறுவேன்.
எட்டாவதை அவனுக்கு விடுவேன்.

மூன்று செவ்வாய்கள்
தவறாமல் வந்து சேர்ந்தது எட்டாவது,
துறையில் கட்டிய டயரில்
படகு மெல்ல வந்து இடிப்பதுபோல.
அம்மா குட்னி கைதட்டினாள்.
சமையல்காரர் கதவோரம் நின்று கைதட்டினார்,
கையெல்லாம் மாவு.
நகராட்சிப் படிவத்தில் நான்
மூன்று முறை டிக் அடித்தேன்:
இசைந்தார்.

நான்காம் செவ்வாய்.
ஏழு ஏறினேன். நின்றேன்.
துருத்தியில் பாதி மூச்சு.
ஒன்றுமில்லை.

வயர் கழன்றதா என்று பார்த்தேன்.
பேட்டரி மாற்றினேன்.
வலிப்பு வரப்போகிறதா என்று
கண்ணைக் குனிந்து பார்த்தேன்.
குளிருகிறதா எஸ்கில்?
தூக்கமா?
மறுபடி ஏழு.
மறுபடி அந்த வெற்றிடம்,
ஹீட்டரின் முணுமுணுப்பு.

இருட்டையும் வராத சூரியனையும்
இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்த
எனக்கும் ஆசைதான்.
ஆனால் சூரியன் வரும் தேதி
நாட்காட்டியில் அச்சாகியிருக்கிறது.
இவன் எதிலும் அச்சாகவில்லை.

மூன்றாம் முறை ஏழாவதைத் தொங்கவிட்டபோது
கழுத்து அசைந்தது.
பொத்தானுக்கு ஒரு நூலிடை வரை போனது.
அங்கேயே நின்றது.
என் முகத்தைப் பார்த்தது.
திரும்பிப் போய்விட்டது.
வாயோரம் எச்சில் மினுங்கத்
தோள்கள் குலுங்க,
சக்கர நாற்காலியின் தளர்ந்த திருகொன்று
கிடுகிடுத்தது.

வலிப்பல்ல.
சிரிப்பு.

கரண்டி வரும் நேரத்தை அவனை யாரும் கேட்டதில்லை.
திரை விலகும் நேரம், குளியல் நேரம்,
சட்டையின் நிறம், எந்தப் பக்கம் சாய்த்துப் படுக்கவைப்பது,
இந்த அக்கார்டியன் பிடிக்குமா என்பதையும்.
முப்பத்து நான்கு ஆண்டுகள்
ஆமாம், ஆமாம், ஆமாம் என்று
மசித்து மசித்து ஊட்டியிருக்கிறோம்.
மாட்டேன் என்று சொல்ல
இவ்வளவு பெரிய, மஞ்சளான ஓரிடம்
இப்போதுதான் கன்னத்தருகே வந்திருக்கிறது.
அதற்காக நான் வைக்கவில்லை அதை.
ஒலிக்கத்தான் வைத்தேன்.

"பின்னடைவா?" என்றாள் குட்னி.
"கிண்டல்."
நம்பவில்லை.
மகன் முகத்தை வெகுநேரம் பார்த்தாள்.
"அப்படியே இவன் அப்பன்,"
என்றாள், பழைய கோபம் ஒன்றைத்
தூசி தட்டி எடுத்ததுபோல.

படிவத்தில் இரண்டே கட்டங்கள்.
இதுவரை தொடாத இரண்டாவதில்
பேனா அழுந்த டிக் அடித்தேன்:
இசையவில்லை.
கையெழுத்து, தேதி.
முதல் முறையாக
அவன் சொன்னதை எழுதியிருக்கிறேன் என்று பட்டது.

நடையில் அமர்ந்து
ஒரு கால் பூட்ஸில், மறு கால் கம்பளிக் காலுறையில்,
அக்கார்டியன் உறைக்குள் உறங்க,
சமையலறையில் மீன் வேக,

பின்னாலிருந்து வந்தது
எட்டாவது.

இருபது நிமிடத் தாமதம்.
ஒரு நொடி முந்தியிருந்தாலும்
வேடிக்கை கெட்டிருக்கும்.

படிவத்தை நான் திருத்தவில்லை.
உள்ளே அந்தத் திருகு
மறுபடி கிடுகிடுத்துக்கொண்டிருந்தது.
அடுத்த வாரம் ஒரு ஸ்பேனர் கொண்டுவர வேண்டும் என்று
நினைத்தேன்.
வேண்டாம், இருக்கட்டும்.